'பஞ்சமர்' வகுப்பறைக்குள் வரலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் தரம் 12, கலைப்பிரிவு. தமிழ் படிப்பிக்கும் ரீச்சர், கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலிலிருந்து சில பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து வாசிக்கக் கொடுத்திருக்கிறார். அதில் சாதிப் பெயர்களும் வசவுகளும் வருகின்றன என்று பெற்றோர் சிலர் அதிபரிடம் முறையிட்டிருக்கிறார்கள். அடுத்த கிழமை கூட்டம். "நான் அங்கே என்ன சொல்வது? பிரச்சினை தரும் நாவல்களைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

நான் உயர்தர வகுப்புகளுக்கு நீண்ட காலம் தமிழ் படிப்பித்தவன். என் பதில்: படிப்பிக்க வேண்டும். ஆனால் உயர்தரத்தில், முழு நாவலாக, பாடசாலை நிர்வாகம் ஆசிரியருக்குப் பின்னால் நிற்கும்போது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நல்ல நோக்கம் கெட்டுப்போகும். பெற்றோரின் கோபத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சு வந்தாலே பலர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' கதையை எடுப்பார்கள். 2010இல் வெளிவந்த நாவல். பிள்ளையில்லாத ஒரு தம்பதியின் துயரமும் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவும் அதில் வருகின்றன. 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த மாதம் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வாசிப்பதும் விடுவதும் வாசகரின் விருப்பம், பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், வாசிக்கச் சொல்லி ஒருவரையும் யாரும் வற்புறுத்தவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான வாதம்.

எழுத்தாளரின் உரிமைக்கு அது போதுமான வாதம். வகுப்பறைக்குப் போதாது. ஏனென்றால் வகுப்பறையில் வற்புறுத்தல் இருக்கிறது. ரீச்சர் வாசி என்றால் பிள்ளை வாசிக்கத்தான் வேண்டும். பிடிக்கவில்லை என்று புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போக முடியாது. ஆகவே "கருத்துச் சுதந்திரம்" என்று மட்டும் சொல்லி ஒரு நாவலை வகுப்புக்குள் கொண்டுவர முடியாது. அதைப் படிப்பிப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என்ன கிடைக்கிறது? 'பஞ்சமர்' நாவலையே எடுப்போம். 1972இல் முதலில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போவதற்காக நடத்திய போராட்டங்கள்தான் அதன் உயிர். சாதியின் பேரால் ஆட்களைப் பொது இடங்களில் ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆட்கள் நின்று போராட வேண்டியிருந்தது. சட்டத்துக்கும் தெருவுக்கும் இடையில் இருந்த அந்தத் தூரத்தை வரலாற்றுப் பாடநூல் இரண்டு வரியில் கடந்துவிடும். நாவலில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கடைக்காரன் இருக்கிறான், வீடு இருக்கிறது, பயம் இருக்கிறது. டானியல் அந்த மக்களுக்குள்ளிருந்தே எழுந்து வந்து எழுதியவர். இப்படிப்பட்ட நாவலில் வசவு இல்லாமல் போனால் அது பொய்யாகிவிடும்.

இங்கேதான் படிப்பின் சாரம் இருக்கிறது. நாவலில் ஒரு வசவைக் கண்டதும் பிள்ளை கேட்கப் பழக வேண்டிய முதல் கேள்வி, இதைச் சொல்வது யார் என்பது. பாத்திரமா, கதைசொல்லியா, எழுத்தாளரா? அந்தச் சொல்லை நாவல் ஆமோதிக்கிறதா, அம்பலப்படுத்துகிறதா? அடுத்த கேள்வி, இந்தப் பக்கம் முழு நாவலில் எங்கே நிற்கிறது என்பது. இலக்கிய நயம் என்று நாங்கள் படிப்பிக்கும் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும்தான் அடி. இவற்றை அழகான இயற்கை வர்ணனையில் பழக முடியாது. அங்கே யாரும் யாரையும் காயப்படுத்தவில்லை, அதனால் யார் சொன்னது என்று கேட்கத் தோன்றாது. வலிக்கிற பக்கத்தில்தான் அந்தக் கேள்வி தேவைப்படும்.

இந்தப் பழக்கம் இல்லாத சமூகத்தில் என்ன நடக்கும் என்பதைத் தேடி நாங்கள் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. அஹ்னாப் ஜசீம் மன்னார்ப் பக்கத்து இளைஞர், பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர். 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பைப் போட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். வன்முறைக்கு எதிரான கவிதைகளும் உள்ள அந்தப் புத்தகம் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சிங்களத்தில் சக்திக சத்குமார எழுதிய ஒரு சிறுகதைக்காக, 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரலில் அவரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். கவிதைக்குள் பேசுகிற குரலையும் கவிஞனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போனால் விலை இவ்வளவு. இந்தப் பயம் எங்கள் ஆசிரியர்களின் எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு தமிழ் ஆசிரியர் பாடநூலுக்கு வெளியே ஒரு பக்கத்தைத் தொடுவதற்கே தயங்குவார். அப்படியிருக்க உங்கள் மகளின் ரீச்சர் துணிந்திருக்கிறார். அந்தத் துணிவை முதலில் மதியுங்கள்.

ஆபாசம் என்ற முறைப்பாட்டை நான் அதிகம் இழுக்கப் போவதில்லை. கோவலன் மனைவியை விட்டு மாதவியிடம் போன கதையைத் தலைமுறை தலைமுறையாகப் படிப்பிக்கிறோம். சபை நடுவில் பாஞ்சாலியின் துகிலை உரிவதைப் பிள்ளைகள் மேடையில் நடிக்கிறார்கள், நாங்கள் கைதட்டுகிறோம். பழையது என்பதால் அதெல்லாம் தூய்மையாகிவிட்டது. அதற்காக எதையும் கொடுக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. ஷோபாசக்தியின் 'ம்' முக்கியமான நாவல். 1983 ஜூலை வெலிக்கடைச் சிறைப் படுகொலை அதில் வருகிறது. ஆனால் வீட்டுக்குள்ளே நடக்கும் பாலியல் குற்றமும் அதில் மையமான விடயம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், அதே கொடுமையை அனுபவித்த பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல், நான் அதைப் படிப்பிக்க மாட்டேன். நூலகத்தில் இருக்கட்டும், வளர்ந்த பிள்ளை தானாக எடுத்து வாசிக்கட்டும்.

நூலகத்தில் இருப்பது வேறு, வகுப்பில் படிப்பிப்பது வேறு, பரீட்சைக்கு வைப்பது வேறு. விவாதங்களில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அமெரிக்காவில் 1982இல் பிக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த கேள்வி நூலகத்தைப் பற்றியது. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கல்விச் சபை பாடசாலை நூலகத்திலிருந்து புத்தகத்தை அகற்றக் கூடாது என்று நீதிபதிகளில் ஒரு பகுதியினர் சொன்னார்கள். பாடத்திட்டத்தை அது தொடவில்லை. 2022 ஜனவரியில் டென்னசியில் ஒரு மாவட்டக் கல்விச் சபை, யூத இனப்படுகொலையைச் சொல்லும் 'மவுஸ்' என்ற சித்திர நூலைத் தரம் 8 பாடத்திலிருந்து நீக்கியது. சில கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணப் படமும் காரணமாகச் சொல்லப்பட்டன. கொலை முகாம்களைப் பற்றிய புத்தகத்தில் கண்ணை உறுத்தியது அதுதான்! எங்கள் அதிபர்மாரின் மேசைக்கு வரும் முறைப்பாடுகளும் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும். நாவல் எதைச் சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்தச் சொல் வந்தது என்று எண்ணுவார்கள்.

இனி பெற்றோரின் பக்க நியாயத்துக்கு வருகிறேன். இது சாதாரண நியாயம் இல்லை.

ஒரு வகுப்பில் 'பஞ்சமர்' நாவலை வாசிக்கிறார்கள். அந்த நாவல் பெயர் சொல்லி எழுதும் சாதியில் பிறந்த பிள்ளை மூன்றாவது வாங்கில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது தெரியும், அல்லது அன்றைக்குத்தான் ஊகிக்கிறான். இடைவேளையில் அந்தச் சொல் வெளியே வருகிறது. புத்தகத்தில் ஒடுக்குமுறைக்கு எதிராக இருந்த சொல், மைதானத்தில் ஒடுக்குமுறையாகவே திரும்பி வருகிறது. திருகோணமலையில் சாதி யாழ்ப்பாணம் மாதிரி இல்லை என்பார்கள். சத்தமாகக் கதைக்கப்படுவதில்லை என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்வேன். கலியாணம் பேசுகிற வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே நாவலைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஒவ்வொருவராக எழும்பி வாசியுங்கள் என்று சொல்வது இந்த இடத்தில் மிகப் பெரிய பிழை. வசவு வரும் பகுதிகளை ஆசிரியர்தான் வாசிக்க வேண்டும், அல்லது மௌன வாசிப்பாக விட வேண்டும். எந்தப் பிள்ளையையும் பார்த்து, "உங்கட பக்கத்தில எப்படி?" என்று கேட்கவே கூடாது. தன் சமூகத்துக்காகச் சாட்சி சொல்ல எந்தப் பிள்ளையும் பாடசாலைக்கு வருவதில்லை. கதைக்க விரும்பாத பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். அதை ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டக் கூடாது. இவ்வளவும் பார்த்துச் செய்தால், பல பிள்ளைகள் தங்கள் வீட்டில் கேள்விப்பட்ட ஆனால் ஒருபோதும் கேள்வி கேட்காத விடயங்களை முதல்முறையாக எழுத்தில் வைப்பார்கள். அப்படியான தாள்களை நான் வாசித்திருக்கிறேன். மனப்பாடம் செய்த கட்டுரைகளில் வராத தமிழ் அவற்றில் வரும்.

போரைப் பற்றிய நாவல்களுக்கு வந்தால் பாரம் இன்னும் கூடுகிறது. இன்றைக்குத் தரம் 12, 13இல் இருக்கும் பிள்ளைகள் 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டதை அவர்கள் பெரியவர்கள் சொல்லித்தான் அறிவார்கள். அந்த வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டதைச் சிலர் செய்தியில் பார்த்திருப்பார்கள். மிச்சமெல்லாம் கைபேசித் துண்டு வீடியோக்கள், கிசுகிசு, வீட்டில் யாரோ பாதியில் நிறுத்திய வசனங்கள். போரைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறோம் என்று நினைப்பவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றுகிறார்கள். பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, உடைந்த துண்டுகளாக.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குள் இருந்த வன்முறையையும் அரசின் வன்முறையையும் ஒரே நாவலில் வைத்ததால் அது பல பக்கத்தாரையும் கோபப்படுத்தியது. அதை உயர்தர வகுப்பில் படிப்பிக்கலாமா என்றால், தகுந்த ஆசிரியர் இருந்தால் படிப்பிக்கலாம் என்பேன். ஒரு பதின்ம வயதுப் பையன் ஆயுதத்தை நோக்கி எப்படி இழுபடுகிறான், அதற்குள் போனபின் என்ன ஆகிறான் என்பதை அதே வயதுப் பிள்ளை வாசிப்பது முக்கியம். ஆனால் அண்ணனைக் காணாமல் போகக் கொடுத்த வீட்டுப் பிள்ளையும், மாவீரர் வீட்டுப் பிள்ளையும், இயக்கத்தால் தகப்பனை இழந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடிய ஊர் இது. யாருடைய துக்கத்தையும் நாவல் சரி, பிழை என்று தீர்ப்புச் சொல்ல விடக் கூடாது. எந்தப் பிள்ளைக்கு இந்த நாவல் வேண்டாமோ, அந்தப் பிள்ளைக்குக் காரணம் கேட்காமல் வேறொரு நூலைக் கொடுக்க வேண்டும். வ. அ. இராசரத்தினத்தின் கதைகளைக் கொடுக்கலாம். மூதூர்க்காரர். 'தோணி' போன்ற ஒரு கதையில் வறுமையையும் ஏக்கத்தையும் பற்றிக் கதைக்க எவ்வளவோ இருக்கிறது.

இன்னொன்று. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் நகரம் இது. 2018இல் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகள் அபாயா அணிவதைப் பற்றி எழுந்த பிரச்சினை நகரத்தை எவ்வளவு வேகமாக இரண்டாக்கியது என்பதைப் பார்த்தோம். அதனால் நாவல் தெரிவில் நான் ஒரு விதியைப் பிடிவாதமாகச் சொல்வேன். ஒரு வகுப்பில் முதலில் படிப்பிக்கும் சர்ச்சைக்குரிய நாவல், அந்த வகுப்பில் பெரும்பான்மையாக இருப்பவர்களையே கேள்வி கேட்பதாக இருக்க வேண்டும். இந்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை எடுத்து முஸ்லிம் வீட்டுப் பெண்களின் துன்பத்தை அலசுவது சுலபம். எல்லாருக்கும் அது வசதியாக இருக்கும், ஏனென்றால் குற்றம் அடுத்த வீட்டில் இருக்கிறது. அந்த வகுப்புக்கு முதலில் வேண்டியது 'பஞ்சமர்'. சல்மாவின் நாவலை கிண்ணியாவிலோ மூதூரிலோ, அந்தச் சமூகத்தை உள்ளிருந்து அறிந்த ஒரு ஆசிரியை எடுத்தால் அதன் மரியாதையே வேறு. தன் வீட்டைப் பற்றி வாசித்துப் பழகிய பிள்ளைதான் அடுத்த வீட்டைப் பற்றியும் நியாயமாக வாசிக்கும்.

அந்த வகையில் உங்கள் மகளின் ரீச்சர் சரியான நாவலைத்தான் எடுத்திருக்கிறார். கொடுத்த விதத்தில்தான் பிசகு. போட்டோக்கொப்பியில் வெட்டி எடுத்த சில பக்கம் என்பது எந்த நாவலுக்கும் ஆபத்து. 'மாதொருபாகன்' விடயத்திலும் தெரிந்தெடுத்த பக்கங்களை நகலெடுத்துப் பரப்பித்தான் ஆட்களைக் கோபப்படுத்தினார்கள். ரீச்சர் செய்ததன் காரணமும் எனக்கு விளங்குகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு நாவலின் விலை சாதாரண வீட்டுக்குத் தாங்காது, வகுப்பு முழுக்க வாங்கு என்று சொல்ல முடியாது. அதற்கு வழி இருக்கிறது. பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டு நூலகத்துக்குப் பத்துப் பிரதி வாங்கலாம், பிள்ளைகள் முறைவைத்து வாசிக்கலாம். ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பரீட்சைக்கு இப்படியான நாவலைக் கட்டாயமாக வைப்பதை நான் எதிர்க்கிறேன். பல இலக்கிய நண்பர்கள் இதில் என்னோடு சண்டை பிடிப்பார்கள். பரீட்சையில் வராததைப் பிள்ளைகள் வாசிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். ஆனால் பரீட்சைக்கு வந்த மறு மாதமே என்ன நடக்கும்? ரியூசனில் இருபது பக்கக் குறிப்பு வரும். "பஞ்சமர் நாவலில் வெளிப்படும் சமூக நோக்கு" என்று ஒரு மாதிரி விடை வரும். பிள்ளை நாவலைத் தொடாமலே அதை ஒப்புவித்து நல்ல புள்ளி எடுக்கும். புள்ளி போடுகிறவர் என்ன எதிர்பார்ப்பார் என்ற பயத்தில், சாதியைப் பற்றித் தான் உண்மையில் நினைப்பதை ஒரு பிள்ளையும் எழுதாது. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு நீண்ட கட்டுரையாகவோ வகுப்பு விவாதமாகவோ இதை வைக்கலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

சாதாரண தரத்துக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். 15 வயதில் பிள்ளைக்கு விளங்காது என்பதல்ல என் தயக்கம். ஒன்பது பாடத்தோடு ஓடும் வகுப்பில் ஒரு கடினமான நாவலை நிதானமாகக் கதைத்து முடிக்க நேரம் இல்லை. பாதியில் விட்ட விவாதம் தொடங்காத விவாதத்தைவிட மோசம்.

எங்கள் ஊருக்கு இதில் பழைய உரிமை ஒன்றும் இருக்கிறது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே திருகோணமலை இருக்கிறது. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலர் கருதும் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. அதை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலைக்காரர். அதற்கு மூன்று வருடம் முன்பே 'தத்தைவிடு தூது' எழுதிப் பெண்களின் விடுதலையைப் பேசியவர் அவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பேருக்குக் கசந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பெயர்களைத் தெரியாமலே எங்கள் பிள்ளைகள் உயர்தரம் முடித்துப் போகிறார்கள் என்பது எனக்கு உண்மையில் வேதனை.

சரி, கூட்டத்துக்கு வருவோம். தங்கச்சி, போவதற்கு முன் நாவலை முழுதாக வாசித்துவிடுங்கள். முறையிட்டவர்களில் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம், அது சண்டையில்தான் முடியும். ரீச்சரைத் தனியாக நிற்க விடாதீர்கள். நாவலின் பெயர், ஏன் தெரிந்தெடுத்தோம், எத்தனை கிழமை, விரும்பாத பிள்ளைக்கு மாற்று நூல் என்ன, இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி அதிபரின் கையெழுத்தோடு எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நாளைக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தால் அந்தக் கையெழுத்துத்தான் ரீச்சருக்குக் காவல். வசவு வரும் பகுதிகளைப் பிள்ளைகளைக் கொண்டு உரத்து வாசிப்பிக்க வேண்டாம் என்று ரீச்சரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். அப்புறம், கோபத்தோடு வந்திருக்கும் பெற்றோரில் யாராவது ஒருவர் அந்தச் சொற்களைத் தன் வாழ்க்கையில் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம். அவர் கதைக்கும்போது இடையில் புகாமல் முழுதாகக் கேளுங்கள். அவருடைய பிள்ளைக்கு இந்த வகுப்பில் என்ன பாதுகாப்பு என்பதற்குப் பாடசாலை பதில் சொன்ன பிறகுதான் நாவலைத் தொடங்க வேண்டும்.